காட்டெருமை முட்டாத வண்டி

கண்ணு,

நீ போனில் அனுப்பிய இரண்டு படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். முதல் படத்தில் நம் வண்டி கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருக்கிறது. மெரூன் நிறம், டாங்க்கின் இரண்டு பக்கமும் பளபளவென்று குரோம், உயரமான சீட்டு. இரண்டாவது படத்தில் அதை அடையாளமே தெரியவில்லை. பின் மட்கார்டை வெட்டிவிட்டு, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, உடம்பு முழுக்கக் கறுப்படித்து, ஒரே ஒரு ஆள் உட்காருகிற மாதிரி சின்னதாக ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் ஒற்றைச் சீட்டு வண்டியைப் பார்த்து ஆசைப்படுகிறானே என்று சிரிப்பு வந்தது. எது வேண்டும் என்று நானே முடிவு சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பெங்களூர் பட்டறைக்காரருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். எந்தப் படமானாலும் டாங்க்கில் இருக்கும் பள்ளத்தை எடுக்கப் போவதில்லை, அதன் பக்கத்தில் ஒரு காட்டெருமைத் தலையை வரையப் போகிறார்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாவின் கதையைச் சொல்லப் போகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் காட்டெருமைக் கதையைத்தான் சொல்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன் நான். காலையில் வேலைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் அரை நாளில் போனார்கள் என்று பெரிய நோட்டில் எழுதியே காலம் போயிற்று. அந்த நோட்டில் ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் சின்ன வயதில் காட்டியிருக்கிறேன். தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, அது படிக்கிற மாதிரியே இருக்க, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஊரார் வருகைக் கணக்கில் ஒரு எழுத்துகூடத் தப்பவிடாதவன், என் வீட்டு விஷயத்தில் சுரண்டித்தான் வைத்திருக்கிறேன்.

காட்டெருமைக் கதை உனக்கு மனப்பாடம். பனி இறங்கிய சாயங்காலம், காபிச் செடிகளுக்கு நடுவிலிருந்து மூக்கால் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டு அது வந்தது. நான் என்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அது டாங்க்கில் ஒரு முட்டு முட்டிவிட்டு, சத்தம் பிடிக்காமல் திரும்பிப் போயிற்று. முதலில் டீக்கடையில் யாரோ கேட்டதற்காகச் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கே ருசியாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு சாண் அந்த மாடு வளர்ந்தது. ஒரு தடவை விருந்தாளிகள் முன்னால் நான் கையை அகட்டிக் கொம்பின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா பரிமாறிக்கொண்டே, "ஏனுங்க, போன தடவ ரெண்டு மாடுன்னு சொன்னீங்களே, ஒண்ணு எங்கீங்க போச்சு?" என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவள் கரண்டியைப் பிடித்திருந்த இடது கை, முழங்கையில் முழுசாக நீளாமல் கொஞ்சம் மடங்கியே நின்றது. அதை அன்றைக்கு அந்த வீட்டில் பார்த்தது நான் ஒருவன்தான்.

கண்ணு, எந்தக் காட்டெருமையும் முட்டவில்லை. அந்த வண்டியை உன் அம்மா ஓட்டினாள். அந்தப் பள்ளம் அவள் விழுந்தபோது விழுந்தது. விழ வைத்தவன் நான்.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அம்மாவுக்கு செம்மநத்தம் பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்தது. நம் குவார்ட்டர்ஸிலிருந்து அங்கே போகக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுவும் மழை பெய்தால் வராது. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி காயப்போடும் களத்துக்கு அவளைக் கூட்டிப்போய், "நீயே ஓட்டிப் பழகு புள்ள" என்றேன். அந்த நல்ல புத்தியும் எனக்குத்தான் வந்தது என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன், மற்றதெல்லாம் எனக்கு எதிராகத்தான் போகப்போகிறது. அவளுக்குக் கால் எட்டவில்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் குஷன் தைக்கிறவரிடம் சீட்டைக் கழற்றிக் கொடுத்து, இரண்டு அங்குலம் பஞ்சை வெட்டி எடுக்கச் சொன்னேன். அதுதான், நீ இத்தனை நாளும் தேய்ந்துபோன சீட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அந்தச் சீட்டு. டூல் பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி கிடக்கும். குப்பை என்று பட்டறைக்காரர் எறியாமல் இருந்தால் வாங்கி வை. அது உன் கிரைப் வாட்டர் பாட்டிலின் மூடி. பெட்ரோலுக்கு ஆயில் கலக்க அவள் அதைத்தான் அளவாக வைத்திருந்தாள். எனக்குக் கண் அளவு போதும். அவளுக்கு எதுவும் அளந்தால்தான் நிம்மதி.

என் பழைய பேண்ட்டைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இறுக்கிச் செருகி, உன்னை முன்னால் டாங்க்கின் மேல் உட்காரவைத்து, ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். பால்வாடி வாசலில் இறங்கியதும் பேண்ட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு டீச்சராக உள்ளே போவாளாம். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டினாள். சாயங்காலம் நான் மஸ்டரில் ஆள் கணக்கு முடித்து வெளியே வரும்போது கீழே வளைவில் அந்த வண்டிச் சத்தம் கேட்கும். கியரை மாற்றும்போது மட்டும் ஒரு நொடி தயங்கி, பிறகு ஒரே சீராக ஏறி வரும். நான் ஓட்டினால் அப்படி ஏறாது. இப்போது உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதை ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். உன்னை முன்னால் வைத்து அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நல்ல காற்று. வழியில் ஒரு ஜீப்பில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோயிலுக்கு முன்னால் கடைசித் திருப்பத்தில் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். நம் எஸ்டேட் ஆட்கள், கிளியூர் ஆட்கள், என்னைத் தெரிந்த ரைட்டர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள் என்று தோன்றியது. நான் அவள் தோளைத் தட்டி, "இங்கியே நிறுத்து புள்ள, நான் ஓட்டிக்கிறேன்" என்றேன்.

"இன்னுங் கொஞ்சந்தானுங்க இருக்குது," என்றாள்.

"ஆளுக நெறயா இருக்குதுல்ல," என்றேன்.

அவள் நிறுத்தினாள். உன்னைக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். பின்னால் போய் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாசலில் போய் இறங்கினோம், எல்லாரும் ரைட்டர் வந்துவிட்டார் என்று வரவேற்றார்கள். திரும்பி வரும்போது அதே திருப்பம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, "இந்தா, இனி நீ ஓட்டு" என்று சாவியை நீட்டினேன். "இல்லீங்க, நீங்களே ஓட்டுங்க, எனக்குக் கை அசதியா இருக்குது" என்றாள். அவளுக்கு அசதி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அவள் விழுந்தாள். இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவது மலையில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் பழக்கம். பெட்ரோல் மிச்சமாகும், வண்டி தானாக உருளும், காதுக்கும் அமைதி. அதை ஒரு பெரிய வித்தை மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "பிரேக்கு தாங்குமுங்களா?" என்று அவள் கேட்டாள். "நான் எத்தன வருசமா எறங்குறேன், எனக்குத் தாங்குறது உனக்குத் தாங்காதா?" என்றேன். என்ஜினைக் கியரில் வைத்திருந்தால் அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அப்படித்தான் எல்லாரும் போனோம்.

தூறல் விழுந்த சாயங்காலம். செம்மநத்தத்திலிருந்து திரும்பி வருகிற வழியில், நம் ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால், சில்வர் ஓக் மரங்கள் நெருக்கமாக நிற்கும் அந்த நீள இறக்கம். வளைவில் பஸ் வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பிடிக்கவில்லை. அவள் வண்டியை இடது பக்கம் காபிச் செடிகளுக்குள் திருப்பி, உன்னை வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது பக்கமாகவே விழுந்திருக்கிறாள். டாங்க் மரத்தில் மோதியது. அவள் முழங்கை கல்லில் மோதியது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எஸ்டேட் ஜீப்பில் அவளைக் கொண்டுவந்து இறக்கியபோது நீ அவள் மடியில் அவள் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாய்.

லைன் வீடுகளில் இருந்த எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை மறைக்க வாயில் வந்தது என்ன தெரியுமா? "பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்றேன். நான் அப்படி எப்போதும் சொன்னதில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'நீங்கதானே அணைச்சுட்டு எறங்கச் சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் நான் தலைகுனிந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "பைப்படியில வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாள். உன்னிடமும் கடைசிவரை அதையேதான் சொன்னாள். மறுநாள் டீக்கடையில் டாங்க்கைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டவரிடம் நான், "காட்டுமாடு முட்டிருச்சுங்க" என்றேன். விஷயம் தெரிந்த லைன் ஆட்களும் ரைட்டர் சொன்னதை மறுத்துப் பேசவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்து கொஞ்ச நாள் ஆனதும், ஒரு காலையில் அவள் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, கதவுப்பக்க ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். "சாவிய வெச்சுரு" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பல் விளக்கிக்கொண்டே சொன்னேன். அவள் அதை மறுபடி ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு டவுனுக்கு மாற்றல் கிடைக்கும்வரை பதினோரு வருஷம் அவள் அந்தப் பஸ்ஸுக்காக நின்றாள். பனியிலும் மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அதே வண்டியில் அவளைத் தாண்டி மஸ்டருக்குப் போவேன். ஹார்ன் அடிப்பேன், அவள் குடையைக் கொஞ்சம் உயர்த்துவாள். இப்போது இரண்டு நாளாக எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை, அந்தக் குடை உயர்வதுதான் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் காட்டெருமை அதற்குள் மிகவும் பெரிதாகிவிட்டது. அவள் உடம்பு முடியாமல் படுத்திருந்த கடைசி மாதத்தில் ஒரு நாள், "அந்த வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்களேன், சத்தத்தக் கேக்கணும்னு இருக்குது" என்றாள். நான் ஷெட்டுக்குப் போய்க் கிக்கரை மிதித்தேன். வருஷக்கணக்காகச் சும்மா நின்ற வண்டி, கார்புரேட்டர் அடைத்துப்போயிருந்தது. வேர்த்து விறுவிறுக்க மிதித்துவிட்டு உள்ளே வந்து, "திங்கக்கெழம மெக்கானிக்கக் கூட்டியாறேன் புள்ள" என்றேன். "அவசரமில்லீங்க, நொம்ப மிதிச்சு முட்டிய நோகவெச்சுக்காதீங்க" என்றாள். அந்தத் திங்கட்கிழமை நம் வீட்டில் எப்படி விடிந்தது என்று உனக்கே தெரியும்.

போன மாதம் நீயும், எனக்கு மருமகளாக வரப்போகிற சங்கீதாவும் வண்டியை எடுத்துப்போக வந்தீர்கள். நீ டெம்போவுக்கு வழிகாட்ட ரோட்டுக்குப் போயிருந்தாய். அந்தப் பெண் ஷெட்டுக்குள் போய், தூசியைக் கையால் தட்டிவிட்டு, வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. "மாமா, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சாப்புல இருக்குதுங்க" என்று சிரித்தாள். பிறகு சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க ஒசரத்துக்கு இது சேராதுங்களே, இத யாருங்க ஓட்டுனது?" என்று கேட்டாள். நான் அவளிடமும், "எலி கடிச்சுப் பஞ்சு போயிருச்சும்மா" என்றேன். உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகியும் எனக்கு இன்னும் பொய்தான் முதலில் வருகிறது. நீங்கள் போன பிறகு ஷெட்டில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆணியில் சாவியும் இல்லை. அவள் இந்த வீட்டைவிட்டு இரண்டாம் தடவை போன மாதிரி இருந்தது, கண்ணு. அவள் வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இந்த வயதில் மகனுக்கு எழுதுகிற வார்த்தையா இது என்று நினைக்காதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து வந்த நாள் மாதிரியே ஆக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். அந்த நாளில் அந்த வண்டியை உன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வாங்கியதே மூன்றாவது கை. யாரோ ஒருவருடைய புது வண்டியை இவ்வளவு பாடுபட்டு நாம் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? இரண்டாவது படத்தில் இருப்பது உன்னுடைய வண்டி, அதில் தப்பில்லை, ஆனால் ஒற்றைச் சீட்டு வேண்டாம். பழையபடிதான் ஆக்க வேண்டும், எந்த நாளில் இருந்தபடி என்று என்னிடம் கேட்டாய் என்றால், உனக்கு இரண்டு வயது நடந்த அந்த வருஷத்தில் இருந்தபடி ஆக்கு. சீட்டு அதே உயரத்தில் இருக்கட்டும், புதுப் பஞ்சு வைத்தாலும் அந்த இரண்டு அங்குலத்தைத் திருப்பி ஏற்ற வேண்டாம். என்ஜினை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுத்தமாகச் செய்யச் சொல். அந்தச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். நிறம் மெரூனோ கறுப்போ, ஹேண்டில்பார் உயரமோ தாழ்வோ, உங்கள் இரண்டு பேர் இஷ்டம். பள்ளத்தை மட்டும் பட்டி வைத்து நிரப்பாதே. காட்டெருமையையும் வரையாதே. அது அப்படியே இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கு, என் அம்மா என்னைக் கீழே விடாமல் தான் விழுந்த இடம் என்று சொல். அப்பா பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் சேர்த்துச் சொல், எனக்கு வருத்தமில்லை. சங்கீதாவிடம் எலி கதையை மட்டும் நானே நேரில் திருத்திக்கொள்கிறேன்.

இறக்கத்தில் என்ஜினை அணைக்காதீர்கள். எவ்வளவு பழகிய ரோடாக இருந்தாலும் கியரிலேயே இறங்குங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் சேர்வராயன் கோயிலுக்கு நீங்கள் இரண்டு பேரும் இந்த வண்டியில்தான் போவீர்கள் என்று முடிவாகியிருக்கிறது. நான் ஓட்டட்டுமா என்று அந்தப் பெண் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நீ பின்னால் உட்கார். கடைசித் திருப்பத்தில் ஆட்கள் தெரிய ஆரம்பிப்பார்கள். நம் சொந்தக்காரர்கள், உன் சிநேகிதர்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். அப்போது உன்னை அறியாமல் உன் கை அவள் தோளைத் தட்டப் போகும். தட்டாதே, சாமி. வாசல்வரை அவளே ஓட்டட்டும். நான் முன்னாலேயே போய்க் கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா